இலையை எண்ணிப் பசியை அளப்பதா?

பந்தியிலே நூறு இலை போட்டிருக்கிறார்கள். வாசலிலே ஐந்நூறு பேர் நிற்கிறார்கள். நூறு பேர் அமர்ந்துவிட்டனர். மிச்சம் நானூறு பேர். "இலை போதவில்லை, பொறுத்தருள்க" என்று விருந்து வைத்தவர் கூறினால், அது உண்மை. வருத்தந்தரும் உண்மை, எனினும் உண்மை. அப்படிக் கூறாமல், "அமர்ந்த நூறு பேருக்குத்தான் பசி, வெளியே நிற்போருக்குப் பசியே கிடையாது" என்று அவர் சாதிப்பாரானால் அதற்குப் பெயர் என்ன? இலையை எண்ணிவிட்டுப் பசியை அளந்துவிட்டதாகப் பேசும் அந்தப் பேச்சைக் கேட்டு ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.

கல்விக்கூடத்தின் வாசலில் மட்டும் ஊர் சிரிப்பதில்லை, தலையாட்டுகிறது! உள்ளே போனவன் தகுதியுடையவன், வெளியே நின்றவன் தகுதியற்றவன் என்று அங்கே தீர்ப்பாகிறது. எத்தனை நாற்காலி போட்டிருந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. "தகுதி" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் இங்கே நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். ஏட்டிலே வைத்து ஆராயப் போவதில்லை. அச்சொல் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் உரக்க ஒலித்த ஓர் இடத்திலே வைத்து ஆராய்வோம். இடம், அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்து பேர்பாக்ஸ் மாவட்டம். பொருள், அங்குள்ள தாமஸ் ஜெபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளியில் மாணவரைச் சேர்க்கும் முறை.

பள்ளியின் பெருமையைக் குறைத்துப் பேச நமக்கு எண்ணமில்லை. 1985-ஆம் ஆண்டு தோன்றிய பொதுப்பள்ளி அது. பேர்பாக்ஸ் மட்டுமன்றி லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன் மாவட்டங்களிலிருந்தும் பால்ஸ் சர்ச் நகரிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறார்கள். நாட்டின் முதல் பொதுப்பள்ளி என்று தரவரிசைக்காரர்கள் அதனைப் பலமுறை உச்சியில் வைத்திருக்கிறார்கள். அங்குப் பயின்ற பிள்ளைகள் தம் கையாலேயே ஒரு சிறு செயற்கைக்கோளைச் செய்து, 2013 நவம்பரில் அது விண்ணேறியது. உயர்நிலைப்பள்ளி மாணவர் செய்து விண்ணுக்குச் சென்ற முதற்கோள் அதுவே என்பர். இவ்வளவும் எவர் பணத்தில்? மக்கள் வரிப்பணத்தில்! கடைக்காரரும், கட்டட வேலை செய்பவரும், மருத்துவரும், பேருந்து ஓட்டுநரும் கொடுத்த பணத்தில். இந்த ஒன்றை நினைவில் முடிந்து வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2020-ஆம் ஆண்டு வரை அங்கு நுழையும் வழி எது? விண்ணப்பத்துக்கு 100 டாலர் கட்டணம். கணக்கிலும் அறிவியலிலும் படிப்புத்திறனிலும் எழுத்துத்தேர்வு. அதில் தேறியோர்க்கு ஆசிரியர் பரிந்துரை, கட்டுரை முதலிய சோதனைகள். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடாகத்தான் தோன்றும். தேர்வுத்தாள் எவருக்கும் ஒன்றே. கடிகாரம் எவருக்கும் ஒன்றே. ஆனால் அந்தத் தாளுக்கு முன்னால் வந்து உட்காரும்வரை நடந்துவந்த பாதை எவருக்கும் ஒன்றா? அந்த ஒரு தேர்வுக்கென்றே ஆண்டுக்கணக்கில் பழக்கிவிடும் தனியார் பயிற்சி நிலையங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு; பணம் உள்ளவர் பிள்ளைகளை அங்கே சேர்த்தனர். மூன்றாம் வகுப்பிலேயே "மேம்பட்ட கல்வி" என்று பிள்ளைகளைத் தனியே பிரித்து வளர்க்கும் ஏற்பாடும் அந்த மாவட்டத்தில் உண்டு. எட்டாம் வகுப்பில் நடக்கும் ஓட்டத்தின் தொடக்கக்கோடு எட்டாம் வகுப்பிலா கிழிக்கப்பட்டது? மூன்றாம் வகுப்பிலேயே கிழித்தாயிற்று!

விளைவு என்ன? 2020-இல் விண்ணப்பித்தோர் 2,539 பேர். இடம் பெற்றோர் 486 பேர். அந்த 486 பேரில் ஆசிய வழியினர் 355 பேர். வெள்ளையர் 86 பேர். ஹிஸ்பானியர் 16 பேர். கறுப்பின மாணவர் எத்தனை பேர்? எண்ணிக்கை மிகச் சிறிது என்று அதை வெளியிடவே இல்லை! ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? நூற்றுக்கு 0.62 என்றது கணக்கு. நூற்றுக்குக் கணக்கு என்பது சில வேளைகளில் கண்ணைக் கட்டும் துணி. அதை அவிழ்த்துப் பார்த்தால் மூன்று பேர். நானூற்று எண்பத்தாறு நாற்காலிகளில் மூன்று!

அதே வர்ஜீனியாவில், வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமரவேண்டும் என்று நீதிமன்றம் பணித்தபோது, அதற்குப் பணிவதைவிடப் பொதுப்பள்ளிகளையே பூட்டிவிடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை ஐந்தாண்டுக் காலம் பூட்டி வைத்தது பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம். அப்படிப்பட்ட வரலாறு படிந்த மண்ணிலே, எண்ணிக்கை வெளியிடப்படாத அந்தக் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி எவரேனும் கேள்வி எழுப்பினால் அதில் வியப்பென்ன? 2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசார் பிடியில் உயிரிழக்க, நாடெங்கும் நீதிக்குரல் எழுந்தது. அடுத்த சில நாட்களிலேதான் அந்த ஆண்டுச் சேர்க்கைக் கணக்கும் வெளிவந்தது. கேள்வி எழுந்தது, வாரியம் அசைந்தது.

2020 அக்டோபரில் தேர்வும் 100 டாலர் கட்டணமும் நீக்கப்பட்டன. டிசம்பரில் புதிய விதி வந்தது. அவ்விதியை வரிவரியாகப் படிப்பது நல்லது. ஏனெனில் அதை ஏசியோரில் பலரும் புகழ்ந்தோரில் பலரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. மொத்த இடம் 550. ஒவ்வொரு நடுநிலைப்பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு மாணவர் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவுக்கு இடம் ஒதுக்கீடு. எஞ்சிய ஏறத்தாழ 100 இடங்கள் எந்தப் பள்ளிக்கும் உரியவையல்ல. மிச்சமுள்ள அனைவரும் போட்டியிடலாம். விண்ணப்பிக்கவே பள்ளி மதிப்பெண் சராசரி 3.5-க்குக் குறையக்கூடாது, கடினமான கணக்குப்பாடம் படித்திருக்கவேண்டும். பிறகு தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்று, சிக்கலைத் தீர்க்கும் கட்டுரை ஒன்று. வறுமை, ஆங்கிலம் தாய்மொழியல்லாமை, உடல் அல்லது கல்விக் குறைபாடு, இதுவரை அதிகம் பேரை அனுப்பாத பள்ளியில் படித்தல் ஆகியவற்றுக்குச் சிறிது கூடுதல் மதிப்பு. மதிப்பிடுவோருக்கு மாணவரின் பெயர் தெரியாது; இனம் தெரியாது; எண் மட்டுமே தெரியும்.

2021-இல் இந்த விதியின்படி முதல் அணி வந்தது. விண்ணப்பித்தோர் 3,000-க்கும் மேல். இடம் பெற்ற 550 பேரில் ஆசிய வழியினர் 299; வெள்ளையர் 123; ஹிஸ்பானியர் 62; கறுப்பினத்தார் 39. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேராக இருந்த இடத்தில் 138 பேர்!

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். எதிரியின் வாதத்தை இளைக்க வைத்துப் பிறகு அதனோடு மற்போர் புரிவது திறனாய்வல்ல, வேடிக்கை. ஆதலின் அதனை அதன் முழு வலிமையோடு கூறுகிறோம்.

ஆசிய வழிப் பெற்றோர் பலர், நம் நாட்டிலிருந்து குடியேறியோரும் உள்ளிட்டு, கூட்டணி அமைத்து 2021 மார்ச்சில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கூறியது இது: "அன்னிய மண்ணில் எங்களுக்கு முன்பின் தெரிந்தவர் இல்லை, பரிந்துரைக்க ஆள் இல்லை. பெயரைக் கேட்காமல், நிறத்தைப் பாராமல் எங்களை ஏற்றுக்கொண்ட ஒரே வாசல் தேர்வு. இரவெல்லாம் விழித்துப் படித்த எங்கள் பிள்ளைகள் அதன் வழியே நுழைந்தனர். அவர்கள் அதிகமாக நுழைந்துவிட்டனர் என்பதற்காகவே வாசலை மாற்றிவிட்டீர்கள். விதியில் இனம் என்ற சொல் இல்லை. ஆனால் விதி செய்தவர் நெஞ்சில் அது இருந்தது." எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. இதனைக் கூறிய பெற்றோரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது தவறு, இழிவும்கூட. பிள்ளையின் படிப்புக்காகத் தம் வாழ்வைச் சுருக்கிக்கொண்ட பெற்றோர் அவர்கள்.

2022 பிப்ரவரி 25-இல் நடுவண் மாவட்ட நீதிபதி கிளாட் ஹில்டன், அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2023 மே 23-இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவர்க்கு ஒருவர் என்ற கணக்கில், புதிய விதி செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் கிங்; மாறுபட்டவர் நீதிபதி ரஷிங். 2024 பிப்ரவரி 20-இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. நீதிபதிகள் அலிட்டோ, தாமஸ் இருவரும் அம்மறுப்புக்கு மாறுபட்டனர். வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை. 2025 மே மாதத்தில் நடுவண் கல்வித்துறை இதே பொருள்மீது விசாரணை தொடங்கியது.

நீதிமன்றத்தின் வேலை வேறு. திறனாய்வாளன் வேலை வேறு. எந்த இனத்துக்கு இழப்பு, எவர் நெஞ்சில் என்ன நோக்கம் என்று நீதிமன்றம் கேட்கும்; கேட்கத்தான் வேண்டும். நாம் கேட்பது: இந்தக் கணக்குக்குள் இருக்கும் மனிதர் யார்?

மேல்முறையீட்டுத் தீர்ப்பிலே ஒரு சிறு கணக்கு வருகிறது. வழக்கின் இரைச்சலில் அதனைப் பலர் கவனிக்கவில்லை. பழைய முறையில், 2020-இல், இடம் பெற்ற ஏழை ஆசிய வழி மாணவர் எத்தனை பேர்? ஒருவர். புதிய முறையில், 2021-இல்? ஐம்பத்தொருவர்! ஒன்று எங்கே, ஐம்பத்தொன்று எங்கே! "ஆசியர்" என்று ஒரே போர்வையைப் போர்த்திப் பேசினார்கள். போர்வையை விலக்கினால் உள்ளே இரண்டு வகையினர் இருக்கிறார்கள். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டக்கூடியவர் ஒரு வகை. கட்ட இயலாதவர் மற்றொரு வகை. பழைய தேர்வு முதல் வகையினருக்கு வாசலாகவும் இரண்டாம் வகையினருக்குச் சுவராகவும் இருந்தது. ஆசிய வழியினரின் மொத்தத்தொகை 355-இலிருந்து 299-ஆகக் குறைந்தது என்பதும் மெய். ஏழை ஆசியப் பிள்ளைகள் ஒருவரிலிருந்து ஐம்பத்தொருவராகப் பெருகினர் என்பதும் மெய். விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு 48.59 பேராக இருந்த ஆசிய வழியினர், இடங்களில் நூற்றுக்கு 54.36 பெற்றனர் என்பதும் மெய். ஒரு மெய்யை எடுத்துக்கொண்டு மற்ற மெய்களைப் புதைப்பவர் வழக்கறிஞராகலாம், நடுநிலையாளர் ஆகார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் பங்கு என்பது தகுதிக்குப் பகை, நேற்று முளைத்த புதுமை என்று பேசினோர், தம் பள்ளி எவர் பெயரைச் சுமந்து நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தார்களா? தாமஸ் ஜெபர்சன் 1779-இல் வர்ஜீனியாவுக்கென ஒரு கல்வித்திட்டம் வகுத்தார். சிற்றூர்ப் பகுதிதோறும் பள்ளி. அப்பள்ளிகளிலிருந்து, மேற்கொண்டு படிக்க வைக்க வகையற்ற பெற்றோரின் பிள்ளைகளில் சிறந்தவனைத் தெரிந்தெடுத்துப் பொதுச்செலவில் மேற்பள்ளிக்கு அனுப்புதல். அதாவது, மாநிலம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தலையை எண்ணவில்லை. அந்தந்த வட்டாரத்தின் விளைச்சலை அந்தந்த வட்டாரத்திலே தேடச் சொன்னார். அத்திட்டம் அவ்வடிவில் அன்று சட்டமாகவில்லை. அந்தத் திட்டத்திலும் அடிமைகளின் பிள்ளைகளுக்கு இடமில்லை! எல்லா மனிதரும் சமம் என்று நாட்டுக்கு எழுதிக் கொடுத்த கையே, தன் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதரை உடைமையாக வைத்திருந்தது. சேர்க்கை விதி எவ்வளவு அழகாயினும், எவருடைய பெயர் பட்டியலில் ஏறவே இல்லை என்பதை முதலிற் பார்க்கவேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா.

இனிக் காத்திருப்போர் பட்டியலுக்கு வருவோம். தகுதி என்ற சொல்லின் சாயம் வெளுக்கும் இடம் அதுவே.

இத்தகைய பள்ளி எதுவாயினும் அது மூன்று வகை மடல் எழுதுகிறது. "வருக" என்பது ஒன்று. "இயலாது" என்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவே, "காத்திரு" என்பது ஒன்று. இடம் கிடைத்தவருள் சிலர் வர மறுக்கிறார்கள். குடும்பம் வேறூருக்குப் போகிறது. பக்கத்துப் பள்ளியே போதும் என்று பிள்ளை முடிவு செய்கிறது. அப்போது காத்திருந்த ஒருவனுக்கு அழைப்பு வருகிறது. எண்ணிப் பாருங்கள்! நேற்றுவரை அவன் வெளியே நின்றவன். தகுதிப் பட்டியலில் இல்லாதவன். இன்று உள்ளே வந்துவிட்டான். தகுதியாளர் வரிசையில் சேர்ந்துவிட்டான். ஓரிரவுக்குள் அவன் என்ன படித்தான்? எந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டான்? ஒன்றுமில்லை! முன்பின் அறியாத வேறொருவன் வீட்டில் எடுத்த முடிவால் ஒரு நாற்காலி காலியாயிற்று, அவ்வளவே. அவனுடைய அறிவில் மாற்றம் இல்லை. நாற்காலிக் கணக்கில் மாற்றம். அப்படியாயின் முதல்நாள் அவனை வெளியே நிறுத்தியது எது? அறிவுக்குறைவா? நாற்காலிக் குறைவா?

விடைத்தாள் திருத்தும் தொழில் நம்முடையது. ஆதலின் மதிப்பெண்ணின் மாயம் நமக்குத் தெரியும். ஒரே தாளைக் காலையில் திருத்தினால் ஓர் எண், அந்தியில் களைத்திருக்கும்போது திருத்தினால் வேறோர் எண் விழக்கூடும் என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். நன்றாகப் படிப்பவனையும் படிக்காதவனையும் தேர்வு பிரித்துக் காட்டும். அதை நாம் மறுக்கவில்லை. 486-ஆம் பிள்ளையையும் 487-ஆம் பிள்ளையையும் பிரித்துக் காட்ட எந்தத் தேர்வாலும் ஆகாது. எந்தக் கட்டுரையாலும் ஆகாது. எந்த ஆசிரியராலும் ஆகாது. அவ்விருவர்க்கும் இடையே ஓடும் கோட்டைக் கிழித்தது அறிவல்ல. மேசை நாற்காலிக் கணக்கெழுதும் அலுவலகம்!

இது வெறும் வாய்ப்பேச்சு என்பார்க்கு ஆராய்ச்சியும் உண்டு. அப்துல்கதிரொக்லு, ஆங்கிரிஸ்ட், பதக் என்னும் பொருளாதார அறிஞர் மூவர், பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் பொதுப்பள்ளிகளை ஆராய்ந்தனர். எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நின்று உள்ளே போனவரையும், சற்றுக் கீழே நின்று வெளியே போனவரையும் ஒப்பிட்டனர். பின்னாளில் தேர்வுகளிலே இருசாராரும் எய்திய நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2014-இல் வெளியிட்டனர். அவர்கள் அக்கட்டுரைக்குக் கொடுத்த பெயரிலேயே, மேட்டுப்பள்ளி என்பது ஒரு மயக்கம் என்ற கருத்து இருந்தது. கோட்டுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் ஒரே பயிர்தான் என்பதே இதன் பொருள்.

"அப்படியானால் அந்தப் பள்ளியில் சேர்ந்தாலென்ன, சேராவிட்டாலென்ன? ஏன் இந்தச் சண்டை?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த ஆராய்ச்சி பேசுவது எல்லைக்கோட்டில் நின்றவரைப் பற்றி. எல்லைக்கோட்டின் அருகேயே வர வழியில்லாது போனவரைப் பற்றியல்ல. மேலும், பள்ளி தருவது மதிப்பெண் மட்டுமன்று. ஆய்வுக்கூடம், கருவி, ஒத்த ஆர்வமுடைய தோழர், "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை ஆகியவையும் கல்வியே. பொதுப்பணத்தில் வாங்கிய தொலைநோக்கியைத் தொடும் உரிமை சில தெருக்களுக்கு மட்டும் என்றால், அதனைக் கேள்வி கேட்க மதிப்பெண் கணக்கு வேண்டியதில்லை.

தகுதியாட்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை உலகெங்கும் பரப்பியவர் மைக்கேல் யங் என்னும் ஆங்கிலேயர். 1958-இல் அவர் எழுதிய நூல் ஒரு நையாண்டி. அறிவையும் உழைப்பையும் கூட்டித் தகுதி என்று பெயரிட்டு, அதன்படி மக்களைப் பிரித்து ஆளும் எதிர்காலச் சமுதாயம் ஒன்றை அவர் தீட்டினார். 2034-இல் வெளியே தள்ளப்பட்டோர் கொதித்தெழுவதோடு கதை முடிகிறது. எச்சரிக்கையாக எழுதப்பட்ட சொல்லை உலகம் வாழ்த்தாக எடுத்துக்கொண்டது! நஞ்சு என்று எழுதி ஒட்டிய புட்டியைத் தேன் என்று பருகினார்கள்! 2001-இல் யங்கே அதுபற்றி வருந்தி எழுதினார். அந்நூலின் கருத்து நமக்கு இங்கே பயன்படுகிறது. பிறப்பால் உயர்ந்தேன் என்பவனுக்காவது உள்ளூர ஓர் ஐயம் இருக்கும்; தகுதியால் உயர்ந்தேன் என்பவனுக்கு அதுவும் இராது. பிறப்பால் தாழ்த்தப்பட்டவனுக்குச் சினம் வரும். தகுதியால் தாழ்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்டவனுக்கோ தன்மீதே வெறுப்பு வரும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நெஞ்சில் இந்த வெறுப்பை விதைப்பதுதான் கல்வியா?

"அப்படியானால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்" என்பார் ஒருசாரார். மைக்கேல் சாண்டல் என்னும் ஹார்வர்டு பேராசிரியர், 2020-இல் வெளியிட்ட தம் நூலில், பெரும் பல்கலைக்கழகங்களுக்கு இதனையே கூறினார்: போதிய தகுதி உடையாரைப் பிரித்தெடுத்து, அவர்களுக்குள் குலுக்கல். அதே 2020 செப்டம்பரில் பேர்பாக்ஸ் பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்காட் பிராப்ராண்டும் தாமஸ் ஜெபர்சன் பள்ளிக்கு அத்தகைய குலுக்கலை முன்மொழிந்தார். வாரியம் அதனை ஏற்கவில்லை.

குலுக்கல் நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்க் கல்வெட்டிலே குடவோலை முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். பெருமையாகப் பேசுகிறோம், பேசலாம். ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போயிற்று? கால்வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப்பயிற்சியும் உடையவர் ஓலை! உழுதவன் ஓலை போகவில்லை. நெய்தவன் ஓலை போகவில்லை. பெண்ணின் ஓலை போகவில்லை. குலுக்கியது நேர்மையாகத்தான் குலுக்கினார்கள். குலுக்குவதற்கு முன்பே அநீதி முடிந்துவிட்டிருந்தது. ஆதலின் குலுக்கலைப் பற்றி நம் முடிவு இது: அது கோட்டருகே பொய் சொல்லாத முறை, ஆயினும் குடத்துக்குள் ஓலை போடும் உரிமையை அது விரிவாக்காது. அந்த உரிமையை விரிவாக்கும் வேலையைத்தான் ஒன்றரை பங்கு விதி செய்தது. அதனால் அவ்விதியை நாம் வரவேற்கிறோம்.

வரவேற்பதால் குறை கூறக்கூடாது என்பதில்லை. குறைகள் உண்டு. நன்கு பயிற்றும் நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆற்றலுள்ள பிள்ளைகள் ஐம்பது பேர் இருக்கலாம். அப்பள்ளியின் பங்கு நிறைந்தபின் எஞ்சியவர், பொதுவான ஏறத்தாழ நூறு இடங்களுக்குப் பிற பள்ளிப் பிள்ளைகளோடு போட்டியிடவேண்டும். அவர்களுள் ஏழையும் இருப்பான். அவன் செய்த குற்றமென்ன, நல்ல பள்ளியில் படித்ததா? கட்டுரையை மதிப்பிடும் முறை, தேர்வுத்தாளை மதிப்பிடும் முறைபோல் வெளிப்படையாகத் தெரிவதில்லை. இயற்கணிதம் படித்திருக்கவேண்டும் என்று விதி கூறுகிறது. அப்பாடத்துக்கு ஏழைப் பிள்ளையை ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே ஆயத்தம் செய்யாவிட்டால், ஒதுக்கிய இடம் ஏட்டிலே இருக்கும். பிள்ளை வெளியிலே இருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் உண்டு என்று கணக்கெழுதிவிட்டு வாய்க்காலைத் தூர்வாராத கதை!

காத்திருப்போர் பட்டியலைப் பற்றி நாம் வேண்டுவன நான்கு. பட்டியலில் எத்தனை பேர் என்பது ஊருக்குத் தெரியவேண்டும். எந்த ஒழுங்கில் அழைப்பார்கள் என்பது மடல் போகுமுன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும். என்று முடியும் என்பது நாள் குறித்துச் சொல்லப்படவேண்டும். நம்பிக்கையைக் கயிறாகக் கட்டிப் பிள்ளையைக் கோடை முழுதும் தொங்கவிடுவது கொடுமை. நான்காவது, பிரித்தறிய முடியாத நிலையில் இருப்போரிடையே இடம் நிரப்ப நேர்ந்தால், பிரித்தறிந்ததாக நடிக்காமல் அனைவரும் காணக் குலுக்கலாம். "உன் அறிவில் குறையில்லை, எங்கள் இடத்தில் குறை" என்று அந்த மடல் தெளிவாகக் கூறவேண்டும். ஒரு வரிதான்; ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு பிள்ளையின் தன்மானம் இருக்கிறது.

தொலைதூர வர்ஜீனியாவைப் பற்றி இங்கே ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். அங்கே நீதிமன்றத்தில் ஒலித்த அந்தச் சொல்லை நாம் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகளுக்கு 2020-இல், அரசுப்பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்க்கு நூற்றுக்கு 7.5 இடம் என்று சட்டம் செய்தபோதும் "தகுதி என்னாவது?" என்றார்கள். அங்கும் இங்கும் விதியின் உயிர் ஒன்றே: எந்த வீட்டில் பிறந்தாய் என்று கேட்பதற்குப் பதில், எந்தப் பள்ளி வழியே நடந்து வந்தாய் என்று கேட்பது. அங்கும் இங்கும் எதிர்ப்பின் உயிரும் ஒன்றே: பாதையை மறைத்துவிட்டு முடிவிடத்தை மட்டும் காட்டுவது. கடல் கடந்தும் மாறாத சொல்லைக் கடல் கடந்தும் திறனாய்வு செய்யத்தான் வேண்டும்.

முடிவாக ஒன்று. பழைய தேர்வாகட்டும், பங்கு விதியாகட்டும், குலுக்கலாகட்டும், எல்லாம் பற்றாக்குறையைப் பங்கிடும் வழிகளே. மூவாயிரம் பிள்ளைகள் அறிவியல் கற்க விரும்பி வாசலுக்கு வருகிறார்கள். ஐந்நூற்றைம்பது இலை போட்டிருக்கிறோம். எவரை முதலில் அமர்த்துவது என்று ஆண்டாண்டாக வழக்காடும் அறிவாளிகளில், "ஏன் இன்னும் இலை போடவில்லை?" என்று கேட்டவர் எத்தனை பேர்? செல்வம் கொழிக்கும் அந்த வட்டாரத்தில் இரண்டாவது பள்ளி ஒன்று எழ எது தடை? அந்த ஆய்வுக்கூடத்தில் பாதியளவேனும் ஒவ்வோர் உயர்நிலைப்பள்ளியிலும் அமைக்க எது தடை? அப்படி அமைந்தால், மேட்டுப்பள்ளியின் மேடு குறையும் என்று அஞ்சுவோர் இருக்கக்கூடும். மேடு குறையட்டும், பள்ளம் நிரம்பட்டும்! அதற்குத்தான் கல்வி, அதற்குத்தான் வரிப்பணம்.

அதுவரை, பங்கீட்டையாவது நேர்மையாகச் செய்யுங்கள் என்கிறோம். உள்ளே போன பிள்ளைக்கு, "நீ வென்றாய், அதோடு உனக்கு இடமும் வாய்த்தது" என்று சொல்லிக் கொடுங்கள், செருக்கு குறையும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு, "நீ தோற்கவில்லை, நாங்கள் போட்ட இலை போதவில்லை" என்று சொல்லிக் கொடுங்கள், தலை நிமிரும். இலையை எண்ணுங்கள், எண்ணித்தான் ஆகவேண்டும். எண்ணி முடித்தபின், பசியை அளந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்!